அகவையின்மேற் பழி போடாதீர்!

"நானும் உன் அகவையில் இப்படித்தான் இருந்தேன், தம்பி!"

இச்சொற்றொடரைக் கேளாத தமிழிளைஞன் ஒருவனும் இரான். கடைப்பலகையில் தமிழ் வேண்டும் என்று அவன் கையொப்பம் வாங்கப் போனாலும் இதுதான் விடை. பள்ளியில் தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று அவன் வாய் திறந்தாலும் இதுதான் விடை. சொல்பவர் பகைவர் அல்லர். 1965ஆம் ஆண்டில் கல்லூரி வாயிலில் நின்று முழங்கியவர், தடியடி பட்டவர், சிறையிற் சில நாள் கிடந்தவர். அதன்பின் அவர்க்குப் பணி கிடைத்தது. பணிக்குப்பின் வீடு வந்தது. வீட்டிற்குப்பின் வங்கிக் கடன் வந்தது. மகனை ஆங்கிலப் பள்ளியிற் சேர்த்தார். பெயரனுக்குத் தமிழில் தன் பெயரெழுதவும் தெரியாது. தம் மாற்றத்திற்குக் கரணியமாக இவற்றுள் ஒன்றையேனும் அவர் சொல்வதுண்டா? இல்லை. அகவையொன்றையே சொல்கின்றார். இளங்குருதி அப்படித்தான் கொதிக்குமாம். முதிர முதிர அறிவு வருமாம்!

இச்சொல்லில் அடங்கிய கொடுமையைச் சற்றே எண்ணிப் பார்க்க. 1939இல் இந்தியெதிர்ப்புப் போரிற் சிறைப்பட்டு, நோயுற்று மாய்ந்தனர் நடராசனும் தாளமுத்துவும். 1964 சனவரி 25இல் திருச்சிராப்பள்ளியில் எரிந்து மாண்ட கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி முப்பது அகவையும் நிரம்பாதவர். 1965இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். இவர்கள் எவரும் முதுமையைக் கண்டிலர். மூத்தவர் சொல்வது மெய்யாயின், இவர்களெல்லாரும் அறிவு வருமுன் செத்தவர்கள் என்றாகின்றது! இன்னும் ஒரு முப்பதாண்டு இருந்திருப்பின் தம் செயலைத் தாமே எண்ணி நகைத்திருப்பர் என்றாகின்றது! தம் தளர்ச்சிக்கு ஒரு போர்வை தேடப் போய், மறுமொழி கூற வாயில்லாத இறந்தோரை இழிவு செய்தல் முறையாகுமா?

ஆதலின் இச்சொல்லை எளிதில் விட்டுவிடுதற்கில்லை. மெய்யாகவே மாந்தனின் அரசியற் கொள்கையை அகவைதான் மாற்றுகின்றதா என்று வரலாற்றைக் கேட்டுவிடுவதே நன்று.

பழமொழியும் பழமொழிக்கு உரியவரும்

இக்கருத்திற்கு ஐரோப்பாவிலிருந்து வந்ததொரு பழமொழியைச் சான்று காட்டுவர் படித்தோர். இருபதில் புரட்சி பேசாதவனுக்கு நெஞ்சம் இல்லை. நாற்பதிலும் அதனைப் பேசுபவனுக்கு மூளை இல்லை என்பது அதன் கருத்து. இதனைக் கூறியவர் இங்கிலாந்தின் தலைமையமைச்சராக இருந்த சர்ச்சில் என்பர். அவர் கூறியதற்குச் சான்று எதுவும் இல்லை. பிரஞ்சு நாட்டு அரசியலாளர் சிலர்மேலும் இதே சொல் ஏற்றப்பட்டுள்ளது. உரியவர் இன்னார் என்று உறுதியாகத் தெரியாத சொல் இது.

அது கிடக்க. சர்ச்சிலின் வாழ்க்கையே இப்பழமொழிக்கு நேர்மாறானது என்பதை எடுத்துரைப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1874இற் பிறந்த அவர், 1900இல் தம் இருபத்தைந்தாம் அகவையில், பழைமைக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் புகுந்தார். 1904இல் அதனை விட்டுத் தாராளக் கட்சிக்குத் தாவினார். முப்பதுகளில் அக்கட்சியின் அமைச்சராயிருந்தார். ஐம்பதை நெருங்கியபோது மீண்டும் பழைமைக் கட்சிப் பக்கம் திரும்பினார். இருபதில் பழைமை, முப்பதில் தாராளம், ஐம்பதில் மீண்டும் பழைமை! இதில் அகவையின் நெறி எங்கே உளது? தம் தலையில் ஏற்றப்பட்ட பழமொழிப்படி பார்த்தால், அவர்க்கு இருபத்தைந்தில் நெஞ்சமே இருந்திருக்கவில்லை!

ஒரே அகவை, எதிரெதிர் வழி

அயல்நாட்டுச் செய்தி வேண்டா, தமிழ்நாட்டையே காண்க. இராசாசி பிறந்தது 1878 திசம்பரில். பெரியார் பிறந்தது 1879 செபுதம்பரில். இருவர்க்கும் இடையே ஓராண்டு வேறுபாடும் இல்லை. அகவைதான் கொள்கையைச் செய்கின்றது என்றால், இவ்விருவரும் ஒரே காலத்தில் ஒரே திசையில் அன்றோ திரும்பியிருத்தல் வேண்டும்?

நடந்தது என்ன? 1938இல் சென்னை மாநிலத் தலைமையமைச்சராயிருந்த இராசாசி, 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். அதே ஆண்டின் இறுதியில், அதனை எதிர்த்தமைக்காகப் பெரியார் சிறை புகுந்தார். அந்நாளில் இருவரும் அறுபதின் வாயிலில் நின்றவர்கள். ஒருவர் இந்தியைத் திணித்தார்; மற்றவர் அதற்காகச் சிறை சென்றார். இதற்கு அகவை யாது விளக்கம் சொல்லும்?

இருபத்தேழு ஆண்டுகள் உருண்டோடின. 1965 வந்தது. இருவரும் எண்பத்தைந்தைத் தொட்டுவிட்டனர். அன்று இந்தியைத் திணித்த அதே இராசாசி, நடுவணரசின் இந்தித் திணிப்பை எதிர்த்து முன்னணியில் நின்றார். அன்று சிறை சென்ற அதே பெரியாரோ, மாணவர் கிளர்ச்சியைக் கடுமையாக இடித்துரைத்து, ஆண்டிருந்த பேராயக் கட்சி அரசின் பக்கம் நின்றார். தமிழ்ப் பற்றாளர்க்கு இது கசப்பான செய்திதான். கசப்பென்று வரலாற்றை மறைத்தல் ஆகாது.

இவ்விரு திருப்பங்கட்கும் கரணியம் உண்டு. அது பிறந்தநாட் கணக்கில் இல்லை. பெரியார்க்கு எல்லாவற்றினும் முதன்மையானது சாதியொழிப்பும் தாழ்த்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர் முன்னேற்றமும் ஆகும். 1953இல் இராசாசி கொணர்ந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டமென்று பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்து அதனைக் கைவிட்டார். ஏழைப் பிள்ளைகட்குப் பள்ளிகளைத் திறந்தார். அன்று தொட்டுப் பெரியார் காமராசர்க்குத் துணை நின்றார். இந்தியை அவர் ஏற்றுக்கொண்டாரல்லர். அவ்வரசு வீழ்தல் கூடாதென்று கருதினார். அக்கருத்துச் சரியா, தவறா என்பது வேறு வழக்கு. இராசாசியோ தம் எண்பதாம் அகவையில், 1959இல், பேராயக் கட்சியின் பொருளியற் கொள்கையை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர். ஆங்கிலம் நீங்கி இந்தி ஆட்சிமொழியாதல் தென்னாட்டிற்குத் தீங்கென்று கண்டவர். அவரவர் தாம் முதன்மையெனக் கொண்டதன் வழியே சென்றனர். அகவை அங்கே ஒரு சான்றாளாகக்கூட நிற்கவில்லை.

மூத்தபின் மூண்ட தீ

முதுமை நெருப்பை அணைக்கும் என்போர் சிங்காரவேலரைப் பற்றி என் சொல்வர்? 1860இற் பிறந்தவர் அவர். அறுபதைக் கடந்தபின் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். 1923இல், அறுபத்து மூன்றாம் அகவையில், சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். 1925இல் கான்பூரில் கூடிய பொதுவுடைமையர் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1928இல் தென்னிந்தியப் புகைவண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்காகச் சிறை சென்றபோது அவர்க்கு அறுபத்தெட்டு. பிறர் ஓய்வூதியம் வாங்கும் அகவையில் அவர் வாங்கியது சிறை!

வேதாசலமாயிருந்தவர் மறைமலையடிகளாகித் தனித்தமிழ் நெறி கண்டது 1916இல். அப்பொழுது அவர்க்கு அகவை நாற்பது. மூளையுள்ளவன் கொள்கையை விட்டுவிட வேண்டும் என்று பழமொழி குறிக்கின்ற அதே நாற்பது! அறுபதைக் கடந்தபின் இந்தியெதிர்ப்புப் போரில் முன்னின்றார்.

இங்கிலாந்திலும் இதற்குச் சான்றுண்டு. கிளாட்சுடன் 1832இல் தம் இருபத்திரண்டாம் அகவையில் பழைமைக் கட்சியாளராய் நாடாளுமன்றம் புகுந்தார். அவர் தந்தைக்கு மேற்கிந்தியத் தீவுப்பகுதியில் அடிமைகளைக் கொண்ட தோட்டங்கள் இருந்தன. மகனின் தொடக்க உரைகளுள் ஒன்று, 1833இல், அத்தோட்ட முதலாளிகளின் சார்பிலேயே அமைந்தது. அவரே பின்னர்த் தாராளக் கட்சியின் தலைவராகி நான்கு முறை தலைமையமைச்சரானார். 1886இல், எழுபத்தாறாம் அகவையில், அயர்லாந்திற்குத் தன்னாட்சி வழங்கும் சட்டவரைவைக் கொணர்ந்தார். அதனால் அவர் கட்சி பிளந்தது, ஆட்சி போயிற்று. ஓய்ந்தாரா? 1893இல், எண்பத்து மூன்றாம் அகவையில், மீண்டும் கொணர்ந்தார். மக்களவை ஏற்றது, பெருமக்கள் அவை வீழ்த்தியது. இளமையில் முதலாளிகட்காகப் பேசிய வாய், முதுமையில் ஓர் அடிமை நாட்டிற்காகப் பேசிற்று.

விலை பெற்ற மாற்றம்

இனி, நம் மூத்தவர் கூறும் அதே சொல்லை இருநூறு ஆண்டுகட்கு முன்பே கூறிய ஒருவரைக் காண்போம். இராபர்ட்டு சவுதே என்னும் ஆங்கிலப் பாவலர் 1774இற் பிறந்தவர். பிரஞ்சுப் புரட்சியில் உள்ளம் பறிகொடுத்தவர். அமெரிக்கக் காட்டிற்குச் சென்று, எல்லார்க்கும் எல்லாம் பொதுவாகிய ஒரு குடியிருப்பை அமைக்கலாமென்று கோல்ரிட்சு என்னும் பாவலருடன் கூடித் திட்டமிட்டவர். 1381இல் தலைவரியை எதிர்த்துக் கிளர்ந்த உழவர் தலைவன் வாட்டு தைலரைப் பற்றி, 1794இல், தம் இருபதாம் அகவையில் ஒரு நாடகம் எழுதினார். அஃது அச்சேறவில்லை.

ஆண்டுகள் சென்றன. சவுதே மன்னராட்சியின் காவலரானார். அரசு சார்பான காலாண்டிதழில் கட்டுரை எழுதினார். 1813இல் அரசவைப் பாவலர் என்னும் சிறப்பும் அதற்குரிய ஊதியமும் பெற்றார். 1817இல் எதிர்ப்பாளர் சிலர் பழைய நாடகத்தின் கைப்படியைக் கண்டெடுத்து, அவர் இசைவின்றியே அச்சிட்டு விட்டனர். அது விற்பதைத் தடுக்க வேண்டுமென்று சவுதே வழக்குமன்றம் ஏறினார். கிளர்ச்சியைத் தூண்டும் நூலுக்கு உரிமைக் காப்பு இல்லை என்று மன்றம் கைவிரித்தது! உறுப்பினர் ஒருவர் நாடாளுமன்றத்திலேயே அந்நாடகத்தையும் அவர்தம் புதிய கட்டுரையையும் அடுத்தடுத்துப் படித்துக் காட்டினார். சவுதே மறுமொழியாக ஒரு நீண்ட மடலை வெளியிட்டார். அதன் சாரம் யாது? 'அவை என் இளமைக்காலக் கருத்துகள்' என்பதே!

முழுவதும் பொய்யென்று அதனைத் தள்ளிவிடல் ஆகாது. பிரான்சில் வெட்டுப்பொறி வீழ்த்திய தலைகளையும், நெப்போலியன் நாடு பிடித்த கொடுமையையும் கண்டு உள்ளம் மாறியோர் பலர். சவுதேயும் அவருள் ஒருவர். ஆனால், அதே தலைமுறையில், 1778இற் பிறந்த ஏசுலிட்டு என்னும் உரைநடையாசிரியரும் அதே குருதியைக் கண்டார். அதே நெப்போலியனைக் கண்டார். அதே ஆண்டுகளைக் கடந்தார். புரட்சியின்மேல் வைத்த பற்றை அவர் விடவே இல்லை. 1830இல் வறுமையில் இறந்தார். இருவர்க்கும் ஒரே காலம், ஒரே இளமைக் கனவு. ஒருவர் அரசவையில், மற்றவர் வறுமையில். அகவைதான் மாற்றிற்று என்றால், ஏசுலிட்டை மாற்ற மறந்துவிட்டதா அது?

ஆய்வு சொல்வது

தனிமாந்தர் கதையை விட்டுப் பொதுவான ஆய்வைக் கேட்போம். அமெரிக்காவில் பென்னிங்டன் என்னுமிடத்து மகளிர் கல்லூரியில் 1930களில் நியூகோம்பு என்னும் அறிஞர் மாணவியரின் அரசியல் நோக்கை ஆராய்ந்தார். பெரும்பாலோர் பழைமை போற்றும் செல்வக் குடியினர். கல்லூரி நாள்களில் பலர் முற்போக்குக் கொள்கையின் பக்கம் திரும்பினர். 1960ஐ ஒட்டி அவர்களையே மீண்டும் கண்டு வினவினர். 1984இல் மூன்றாம் முறையும் வினவினர். பேத்தி எடுத்துவிட்ட அம்மகளிருட் பெரும்பாலோர் இளமையிற் கொண்ட கொள்கையிலேயே நின்றனர். இளமையிற் பதிந்தது எளிதில் அழிவதில்லை என்பதே இவ்வாய்வு காட்டிய உண்மை. ஒரு தலைமுறை தன் இளமையிற் கண்ட பெருநிகழ்ச்சிகளே அதன் நோக்கை வார்க்கின்றன என்று செருமானிய அறிஞர் மான்கைம் 1928இலேயே எழுதியுள்ளார்.

'முதியோர் பழைமைக்கே வாக்களிக்கின்றனரே' என்று சிலர் வினவுவர். பிரித்தானியாவைப் பார்க்க. 2014இல் இசுக்காட்லாந்து பிரிவதா என்று வாக்கெடுத்தபோது, முதியோருட் பெரும்பாலோர் பிரிதல் வேண்டா என்றனர். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகுவதா என்று வாக்கெடுத்தபோது, அந்நாட்டு முதியோருட் பெரும்பாலோர் விலகுக என்றனர். இரண்டாண்டு இடைவெளியில் முதுமை ஒருகால் உறவைக் காத்தது. ஒருகால் உறவை அறுத்தது. முதுமைக்கென்று ஒரு திசை இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வினவத் தக்க மூன்று

அவ்வாறாயின் மாந்தன் மாறவே கூடாதா? மாறலாம். தவறென்று கண்டதை விடாது பற்றியிருத்தல் உறுதியன்று, முரட்டுத்தனம். மாறியவரிடம் வினவத் தக்கவை மூன்றே. எப்பொழுது மாறினீர்? எக்கரணியத்தால் மாறினீர்? அம்மாற்றத்தால் நீர் பெற்றது என்ன, இழந்தது என்ன?

இவ்வினாக்களின் முன் கிளாட்சுடன் தலைநிமிர்ந்து நிற்கின்றார். அவர் ஆட்சியை இழந்தார். சிங்காரவேலர் நிற்கின்றார், அவர் தொழிலையும் விடுதலையையும் இழந்தார். சவுதே சற்றே நெளிகின்றார். மாற்றத்தால் ஆக்கம் வந்ததென்பதாலேயே ஒருவர் கருத்துப் பொய்யாகிவிடாது; ஆயினும் அதனை மெய்யென்று காட்டும் கடமை அவர்க்கு இரட்டிப்பாகின்றது.

1963ஐயும் இவ்வாறே அளந்து பார்க்கலாம். பிரிவினை கேட்போர் தேர்தலில் நிற்க இயலாதவாறு அவ்வாண்டு அரசியற் சட்டத்தின் பதினாறாம் திருத்தம் வந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் திராவிடநாட்டு வேண்டுகையைக் கைவிட்டது. ஐம்பதைக் கடந்திருந்த அண்ணாதுரை, 'இளமையில் அறியாது கேட்டோம்' என்று சொன்னாரல்லர். வேண்டுகைக்குரிய கரணியங்கள் அப்படியே உள்ளன என்றுதான் சொன்னார். அவர்க்கு ஈராண்டு முன்னரே, 1961இல், அவ்வேண்டுகை கைகூடாதென்று கூறிக் கழகத்தை விட்டு விலகிய சம்பத்துக்கு அகவை முப்பத்தைந்து. கைவிட்டது சரியா என்று இன்றும் சொற்போர் நிகழலாம், நிகழட்டும். ஆனால், இருவருள் ஒருவரும் அகவைக்குப் பின்னே ஒளிந்துகொள்ளவில்லை. கரணியம் சொன்னார்கள். கரணியம் சொன்னால் மறுக்கலாம், ஏற்கலாம். அகவையைச் சொன்னால் எதிரிலிருப்பவன் என்ன செய்வான்? மூத்துக் காட்ட அவனுக்கு நாற்பதாண்டு வேண்டுமே! அதனால்தான் அச்சொல் ஒரு விடையன்று; வாயடைக்கும் துணி.

இளைஞனும் தன்னை அளந்துகொள்ளல் வேண்டும். கல்லூரி மேடையில் முழங்குவதற்கு இன்று ஒருவனும் விலை கொடுப்பதில்லை. ஊதியம் வாங்கும் நாளில், மணப்பந்தலில், பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் காலையிலன்றோ கொள்கைக்கு உரைகல் வருகின்றது? தமிழ்வழியிற் பயின்ற பெண்ணை மணப்பானா? மகனுக்குத் தமிழ்ப்பெயர் இடுவதில் மாமியார் முகம் சுளித்தால் நிற்பானா? அங்கே வழுக்குபவன் அகவையால் வழுக்குவதில்லை. அச்சத்தால் வழுக்குகின்றான், விழைவால் வழுக்குகின்றான். அதனை இன்றே அறிந்து வைத்தல் நன்று.

1965இல் இருபது அகவையினராய் இருந்தோர்க்கு இன்று எண்பது. அவர்கள் பட்ட அடியையும் கண்ட சாவையும் சொல்லுதற்கு இனி நெடுங்காலம் இல்லை. பெயரன் முன்னே அமர்ந்து கேட்கும்போது, 'அஃதெல்லாம் இளமைப் பித்து' என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனால், அவ்வாண்டின் வரலாறே பித்தர் வரலாறாகிவிடும். ஆகவே, மூத்தோரே! மாறாதிருப்பின் அதனைச் சொல்க. மாறியிருப்பின் அதனையும் சொல்க. 'இன்ன ஆண்டில், இன்ன அச்சத்தால், பிள்ளைகளின் சோற்றுக்காக ஒதுங்கினேன்' என்று ஒருவர் சொன்னால், அவரை எள்ளி நகைக்கும் இளைஞன் தமிழனல்லன். அச்சொல்லில் அவனுக்கொரு பாடம் உண்டு. எவ்விடத்தில் வழுக்கும் என்பதை அவன் அறிந்துகொள்வான்.

அகவையை மட்டும் இழுக்க வேண்டா. அது யாரையும் மாற்றவில்லை.